இருநூத்தம்பது ஓம்ஸ்

உக்காருங்க தம்பி. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கங்க. மெதுவா இழுங்க, தரையில உரசுனா உள்ள கேக்கும். மருமக மீட்டிங்ல இருக்கா. அந்தக் கதவு மூடியிருந்தா இந்த வீட்டுல நான் ஊமை. சாமானைத் திருப்பி எடுத்துட்டுப் போக உங்களுக்கு வேண்டிய ஓடிபி அவ போனுக்குத்தான் வரும். போன் அவகிட்ட இருக்கு. கதவைத் தட்டக் கூடாது. ஆக, நீங்களும் என்னைய மாதிரி மாட்டிக்கிட்டீங்க. காதோரம் நரைச்ச ஆளைத் தம்பிங்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க, வாய்ப்பழக்கம்.

சாமான் இந்தா, என் மடியிலதான் இருக்கு. ஹெட்போனு. டப்பா, பில்லு எல்லாம் அந்த மேசையில. முப்பது நாளைக்குள்ள மாத்திக்கலாம்னு கம்பெனிக் கெடு, இன்னைக்கு இருபத்தொம்பது. ஆனா நான் இன்னும் தர்றேன்னு சொல்லல. அதை முதல்ல வெளங்கிக்கங்க. உங்களை வரச் சொல்லி புக் பண்ணது அவ. நான் இல்ல.

என்னது, காரணமா? திருப்பித் தர்றதுக்கு என்ன காரணம்னு நான் என் வாயால சொல்லி நீங்க அந்த மிஷின்ல அமுக்கணுமா? கலர் பிடிக்கலன்னு அமுக்குங்க. அப்படி ஒரு கட்டமே இல்லையா? வேற என்ன இருக்கு, படிங்க. உடைஞ்சிருக்கு. வேற சாமான் வந்திருக்கு. சத்தம் சரியாக் கேக்கல. மூணுதானா? என்னய்யா கம்பெனி நடத்துறாங்க. உடைஞ்சதுன்னா நீங்க பாத்தாலே தெரிஞ்சுரும். வேற சாமான்னா பில்லு காட்டிக் குடுத்துரும். மிச்சம் ஒண்ணு. அந்த ஒண்ணைத்தான் தம்பி நான் சொல்ல முடியாது. செத்தாலும் சொல்ல மாட்டேன்.

ஏன்னு கேளுங்க. உங்களுக்கும் வேற வேலை இல்ல இப்ப.

நான் கோட்டைச்சாமி. திருப்புவனம். கோட்டைச்சாமி சவுண்ட் சர்வீஸ்னு பஸ் ஸ்டாண்டுல எறங்கிக் கேளுங்க, பிள்ளை கூட வழி சொல்லும். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், சாவு, எல்லாத்துக்கும் நம்ம மைக்செட்டுதான். குழாய் ஸ்பீக்கர் இருபத்திநாலு, பாக்ஸ் எட்டு, ஆம்ப்ளிஃபயர் மூணு, ஜெனரேட்டர் ஒண்ணு. ஒண்ணொண்ணும் பேரம் பேசி வாங்குனது. கடைக்காரன் கும்பிட்டு, "எடுத்துட்டுப் போங்கண்ணே, உங்ககிட்ட வாய் குடுக்க முடியாது"ன்னு சொல்ற வரைக்கும் நகர மாட்டேன். அஞ்சாங் கிளாஸோட பள்ளிக்கூடம் முடிஞ்சுது. மிச்சத்தை எல்லாம் அடி வாங்கிப் படிச்சேன்.

ஓம்ஸும் அப்படிப் படிச்சதுதான். பதினேழு வயசு எனக்கு. வைகை ஆத்துல திருவிழா. நாலு பாக்ஸு, ஒவ்வொண்ணும் எட்டு ஓம்ஸ். நாலு வயரையும் ஒரே இடத்துல கொண்டுபோய் மாட்டிட்டேன். அப்படி மாட்டுனா எட்டு நாலாகும், நாலு ரெண்டாகும்னு எவன் கண்டான்? ஓம்ஸ்ங்கிறது கரண்டை மறிச்சு நிக்கிற தடை. தடை குறைஞ்சா கரண்டு மொத்தமாப் பாயும், செட்டு தாங்காது. அரை மணி நேரத்துல ஆம்ப்ளிஃபயர் குபுகுபுன்னு புகையுது. முதலாளி கையில இருந்த ஸ்பானராலேயே முட்டியில போட்டாரு. இந்தா பாருங்க தழும்பை. இந்தக் காலுதான். இப்ப உடைஞ்சதும் இதே காலுதான். அன்னைக்குப் படிச்சது: ஓம்ஸ் எறங்குனா செட்டு எரியும். ஓம்ஸ் கூடக்கூட செட்டு பத்திரம். இதை எவனும் எனக்கு மாத்திச் சொல்ல முடியாது.

காலு பங்குனியில உடைஞ்சது. வேப்ப மரத்துல குழாய் கட்டிக்கிட்டு இருந்தேன், ஏணி சரிஞ்சுருச்சு. தொடை எலும்புக்குள்ள கம்பி வச்சிருக்கான். மகன் தனபால் வந்து, "ரெண்டே மாசம்பா, நடக்க ஆரம்பிச்சதும் கொண்டுபோய் விட்டுர்றேன்"னு கார்ல அள்ளிப் போட்டுக்கிட்டு வந்தான். இது ஏழாவது மாசம். பெண்டாட்டி போய்ச் சேந்துட்டா, ஊர்ல சோறு போட ஆள் இல்லைங்கிறான். நாலாவது மாடி. லிஃப்ட் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஒரு தடவை இந்த வாக்கரைப் புடிச்சுக்கிட்டு கீழ போனேன். காய்கறி வேன் வந்துருந்துச்சு. தக்காளி விலையைக் கேட்டேன். அவன் ஒரு விலை சொன்னான், நான் ஒரு விலை சொன்னேன். பேரம்னா ரெண்டு சத்தம் வரத்தானே செய்யும்? பதினாலு வீட்டுக்காரங்க வாட்ஸப்புல கம்ப்ளெய்ண்ட். அன்னைக்கோட மகன் சொல்லிட்டான், "தனியாக் கீழ போகாதீங்கப்பா." இந்த நாற்காலி, அந்த ஜன்னல், எதுத்த பிளாக்குல காயுற துணி. இவ்வளவுதான் தம்பி என் ஊரு.

சரி, டிவியாவது பாப்போம்னா மருமக ரூமை விட்டு வருவா. பேரு சுகந்தி. ஏதோ கம்பெனிக்கு வீட்டுல இருந்தே வேலை. "மாமா, மீட்டிங்ல இருக்கேன், டிவி எதிரொலிக்குது." ஊருக்கே சத்தம் வச்சவன் நான். ஊமைப்படம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன் தம்பி. வாய் அசையும், பேச்சு வராது. அப்பதான் மகன், "ஒரு ஹெட்போன் வாங்கிரலாம்பா"ன்னான்.

சுகந்தி போன்ல ஒண்ணைக் காட்டுனா. "இது நல்லாருக்கும் மாமா. முப்பத்திரண்டு ஓம்ஸ். விலையும் நமக்குக் கட்டும்." முப்பத்திரண்டா! நான் வேற தேடச் சொன்னேன். அதே கம்பெனியில கீழ இன்னொண்ணு. பாட்டுப் பதிவு பண்ற எடத்துல மாட்டுறதாம். இருநூத்தம்பது ஓம்ஸ். அது விலை கூட. ஆனா எவனோ ஒரு மடையன் வாங்கிப் பாத்துட்டு திருப்பிக் குடுத்த சாமான், தள்ளுபடியில கிடக்கு. விடுவேனா? கம்பெனிக்கு போன் போட்டேன். லைன்ல மூணு பேரு மாறுனாங்க. கடைசியா ஒரு பொண்ணு, பாவம், பெரியவங்க யாரையோ கேட்டுட்டு வந்து, முப்பத்திரண்டு ஓம்ஸ் விலைக்கே தர்றோம்னுச்சு. அதே விலைக்கு எட்டு மடங்கு கிட்ட ஓம்ஸ்! நீங்களே சொல்லுங்க, எதை எடுப்பீங்க?

சுகந்தி என்ன சொன்னா தெரியுமா? "மாமா, உங்க ஆம்ப்ளிஃபயர் ஊருக்கே கேக்க வைக்கிறது. இந்த டிவியில ஹெட்போனுக்குன்னு இருக்கிற ஓட்டையில வர்றது துளியூண்டு சக்தி. எரியுறதுக்கெல்லாம் அதுல ஒண்ணும் இல்ல. முப்பத்திரண்டுன்னா அந்தத் துளியே போதும். இருநூத்தம்பதை அதால தள்ள முடியாது, தனியா ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் வாங்கி வைக்கணும்"னா.

எனக்கு! எனக்கு ஓம்ஸ் சொல்லித் தர்றா!

"ஏம்மா, நான் ஓம்ஸுக்கு அடி வாங்குனப்ப உங்கப்பனுக்குக் கல்யாணமே ஆகல. உன் முப்பத்திரண்டை மாட்டி இந்த டிவி புகைஞ்சா நீயா வந்து நிப்ப?" அப்படின்னுட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன். இப்பவும் சத்தம் போட்டுட்டேனா? கதவு தொறக்கலையே? சரி, சரி.

பார்சல் வந்துச்சு. ரெண்டு பேரும் எதுத்தாப்புல நின்னாங்க, மகனும் மருமகளும், ரிசல்ட்டுக்கு நிக்கிற மாதிரி. மாட்டுனேன். டிவி சத்தத்தை ஏத்துனேன். இன்னும் ஏத்துனேன். நூறு வரைக்கும் ஏத்தியாச்சு. தம்பி, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். கிணத்துக்குள்ள எவனோ முனகுற மாதிரி இருந்துச்சு. ஃபேன் சுத்துற சத்தத்துல அதுவும் அடங்கிப் போச்சு. போதாக்குறைக்கு, பாருங்க, காதுக்கு வெளிப்பக்கம் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா விட்டிருக்கான். பாட்டு உள்ள வரல, ஊர்ச்சத்தம் பூரா வருது.

"எப்படிப்பா இருக்கு?"ன்னான் மகன்.

சுகந்தி சும்மா பாத்துக்கிட்டு நின்னா. அந்தப் பார்வைதான்.

"அதிருதுடா!"ன்னேன்.

அந்த ஒத்தை வார்த்தைதான் தம்பி. அதுக்கப்புறம் எப்படி மாத்துறது? இருபத்தொம்பது நாளா, தினம் நாலு மணி நேரம், இதை மாட்டிக்கிட்டுத் தலையை ஆட்டிக்கிட்டு இருக்கேன். பாட்டுன்னா ஒரு ஆட்டு, செய்தின்னா ஒரு ஆட்டு. யாராவது கூப்பிட்டாத் திரும்பக் கூடாது. மூணாவது தடவை தோளைத் தொட்டாத்தான் திரும்பணும். "ஆங்? என்ன?"ன்னு கேக்கணும். சிரிக்காதீங்க. கழுத்து வலி எனக்குல்ல தெரியும்.

இப்பதான் விசயத்துக்கே வர்றேன். எனக்குத்தான் காது அடைச்சிருக்குன்னு நெனச்சு, எல்லாத்தையும் என் முன்னாடியே பேச ஆரம்பிச்சுட்டாங்க.

முதல் நாள் மகன். இட்லியைப் பிட்டு வாயில போட்டுக்கிட்டே போன்ல, ஊர்ல நம்ம நாகலிங்கத்துகிட்ட. நாகலிங்கம்னா என்கிட்ட இருபது வருசமா வேலை பாக்குறவன், கடைச்சாவி அவன்கிட்டதான். "அப்பாவால இனிமே ஏற முடியாதுண்ணே. செட்டைக் குடுத்துரலாம். யாராவது கேட்டாச் சொல்லுங்க. அப்பாவுக்கு நான் மெதுவாச் சொல்லிக்கிறேன்." நான் தலையை ஆட்டிக்கிட்டு இருக்கேன் தம்பி! டிவியில எவனோ சமையல் பண்றான், நான் தாளம் போடுறேன்!

ஒரு வாரம் போச்சு. யாரு கேக்குறாங்கன்னு தெரிஞ்சுச்சு. மணலூர் அந்தோணி. நம்மகிட்ட வேலை கத்துக்கிட்டுப் போய், நமக்கே எதிரா செட்டு போட்டவன். பதினைஞ்சு வருசமா நானும் அவனும் எதுத்தாப்புல பாத்தா எச்சியைத் துப்பிட்டுப் போவோம். அவனுக்கு என் செட்டு!

அப்புறம் இவ. தினம் பதினோரு மணிக்கு ஹாலுக்கு வருவா. இவ்வளவு பெரிய வீட்டுல பேச வேற எடமே இல்லாத மாதிரி, சரியா என் நாற்காலிகிட்ட வந்து நின்னுக்குவா. வந்ததும் முதல் வேலை, ஃபேனை அணைப்பா. கரண்டு மிச்சம் பிடிக்கிறாளாம். நான் வேர்த்து வடிஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், கேக்கவும் முடியாது. அப்புறம் அவ அக்காவுக்கு போன் போடுவா. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இங்கிலீஷ்ல வெளுத்து வாங்குற பொண்ணு, என்னையப் பத்திப் பேசுறப்ப மட்டும் நிறுத்தி நிதானமா, நல்ல தமிழ்ல பேசுவா. எகத்தாளத்தைப் பாருங்க.

"டாக்டர் சொல்லிட்டாருக்கா. மாமா நடக்கலாம், ஆனா ஏணி ஏறக் கூடாது. கீழ உக்காந்து ஆளுகளை வச்சு வேலை வாங்கலாம், தப்பில்ல"ன்னா ஒரு நாளு.

இன்னொரு நாளு, "அந்தோணி வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் குடுக்கப் போறாராம். எனக்கு இது பிடிக்கலக்கா. ஆனா நான் சொன்னா என் வீட்டுக்காரரு கேக்க மாட்டாரு. மாமா வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை, வேணாம்னு சொன்னாப் போதும். நான் மாமா பக்கம் நின்னுருவேன். ஊர்ல ஒரு ஆளைச் சமைக்க வச்சுக் கூட அனுப்பி விட்டுருவேன்"னா.

வஞ்சகம் பாருங்க தம்பி! எனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, என் பக்கம் நிப்பாளாம். கேக்காத ஆளு பக்கம் எவன் வேணும்னாலும் நிக்கலாம்ல?

நீங்க சொல்றது வெளங்குது. நேரா எழுந்திரிச்சு, விக்காதேன்னு சொல்ல வேண்டியதுதானேங்கிறீங்க. சொல்லலாம். உடனே என்ன கேப்பா? "உங்களுக்கு எப்படி மாமா தெரியும்? ஹெட்போன்தான் அதிருதே?"ன்னு கேப்பா. அப்ப முப்பத்திரண்டுதான் சரின்னு ஆயிரும். அஞ்சாங் கிளாஸு படிச்சவன் அஞ்சாங் கிளாஸுதான்னு ஆயிரும். நாப்பது வருசம் ஓம்ஸைக் கையில பிடிச்சவன் தம்பி. இந்த வீட்டுல எனக்குன்னு வேற என்ன இருக்கு? சோறு அவங்க சோறு, கட்டில் அவங்க கட்டில். எனக்குத் தெரியும்ங்கிறது ஒண்ணுதான் என்னோடது.

நேத்து வந்து நிக்கிறா. தோளைத் தொட்டா. ஒரு தடவைதான் தொட்டா, நான் மறந்து திரும்பிட்டேன். "மாமா, நாளை மறுநாளோட கெடு முடியுது. கேக்குதுன்னா வச்சுக்கங்க. கேக்கலன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, முப்பத்திரண்டு மாத்தி வாங்கித் தர்றேன். சொல்றதுல ஒண்ணும் குறைஞ்சு போயிர மாட்டீங்க"ன்னா. நான் கேக்காத மாதிரி டிவிப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அவளா புக் பண்ணிட்டா. நீங்க வந்துட்டீங்க.

கதவு! கதவு தொறக்குது. இருங்க, இதை மாட்டிக்கிறேன். நீங்க என்கிட்டப் பேசாதீங்க. என்ன காட்டுறீங்க? வயரா? டிவியில சொருகலையா? பரவாயில்ல, இந்த நுணுக்கமெல்லாம் அவளுக்கு எங்க தெரியப் போகுது.

வர்றா. போன் காதுல இருக்கு. ஆங், பாத்தீங்களா, அணைச்சுட்டா ஃபேனை. நான் சொல்லல?

தனபால்தான் லைன்ல போல. "அந்தோணி பக்கத்துலயே இருக்காரா? வெள்ளிக்கிழமைன்னாங்களே, இன்னைக்கே உங்களைத் தேடி வந்துட்டாரா?"ங்கிறா. சத்தமாப் பேசுறா பாருங்க. மீட்டிங்குன்னா நம்ம மூச்சு விடக் கூடாது. "என்னங்க? எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணே கால் லட்சமா? குழாய், பாக்ஸு, ஆம்ப்ளிஃபயர், ஜெனரேட்டர், எல்லாமா?" ஒவ்வொண்ணா எண்ணிச் சொல்றா. மண்டையில சட்டுன்னு ஏறாது போல.

ஒண்ணே காலா?

தம்பி, ஒண்ணே கால்னுதானே சொன்னா? ஜெனரேட்டரே அவ்வளவு போகுமய்யா! இன்னும் என்னமோ சொல்றா, இருங்க. "மாமாவோட போன் நம்பருமா? அந்த சிம்மையும் சேத்துத் தரணுமாமா?"

என் நம்பரா? சுவத்துச் சுவத்துக்கு எழுதி வச்சிருக்கிற நம்பரு. பதினேழு கோயில் கமிட்டி அந்த நம்பருக்குத்தான் கூப்பிடும். ஒண்ணே காலுக்கு அதையும் சேத்துக் கேக்குறானா? இவன், என் மகன், இந்தக் கூறுகெட்ட பய, சரிங்கப் போறானா?

ஏய்! சுகந்தி! குடு அந்த போனை!

கேக்குது, எல்லாம் கேக்குது, முதல் நாள்ல இருந்து எல்லாம் கேக்குது! குடும்மா போனை! என்ன? விலையைப் பேசாதீங்களா? வேணும், வேணாம்னு மட்டும் சொல்லணுமா? நீ சும்மா இரு. இது யாவாரம். உனக்கு ஒண்ணும் தெரியாது.

டேய் தனபால், நீ தள்ளு. அவன்கிட்டக் குடு. அந்தோணியா? நான்தான்டா கோட்டைச்சாமி. கால்தான் உடைஞ்சிருக்கு, வாய் உடையல. ஒண்ணே காலுக்கு என் செட்டை அள்ளிட்டுப் போகலாம்னு பாத்தியா? பயலை ஏமாத்துற மாதிரி என்னைய ஏமாத்த முடியுமாடா? குழாய் ஒவ்வொண்ணும் எந்தக் கடையில வாங்குனதுன்னு உனக்குத் தெரியும்ல? நீதானே துடைச்ச? நம்பரும் சேத்து வேணுமா உனக்கு? அப்ப நாலு. நாலு லட்சம். ஒரு பைசா குறையாது. இருந்தா எடு, இல்லைன்னா நடையைக் கட்டு.

என்ன?

இன்னொரு தடவை சொல்லு.

அந்தோணி. அந்தோணி. டேய்.

வச்சுட்டான் தம்பி. "சரிண்ணே, நாலு. சாயங்காலம் வண்டியோட கடைக்குப் போயிர்றேன், சிம்மை தனபால் தம்பிகிட்டக் குடுத்து விட்டுருங்க"ன்னுட்டு வச்சுட்டான்.

இவ ஏன் இப்படி நிக்கிறா? ஏம்மா, நீ எதுக்கு அழுகுற? மூணு மடங்குக்கு மேல வாங்கிக் குடுத்திருக்கேன், உன் புருசன் இந்த ஜென்மத்துல வாங்குவானா?

மிஷினை இப்பக் காட்டாதீங்க தம்பி.

நாலுன்னு சொன்னது அவன் குடுக்குறதுக்கா? அவன் ஒண்ணரைம்பான், நான் மூணே முக்கால்ங்கணும். அவன் முறைச்சுக்கிட்டுப் போகணும். ஒரு மாசம் கழிச்சு ஆள் விடணும், நான் முடியாதுங்கணும். தைப்பொங்கல் வரைக்கும் இழுக்கலாம், அதுக்குள்ள நான் ஊருக்கு நடந்தே போயிருப்பேன். என்னால இழுக்க முடியாத பேரமா? இப்பக் கூப்பிட்டு மாட்டேன்னு சொல்லுங்கிறீங்களா? கேட்டது நான். கேட்டதைக் குடுக்கிறேன்னவன்கிட்ட இல்லைன்னு சொல்லி எனக்குப் பழக்கம் இல்லையே.

என்கிட்ட அஞ்சு வருசம் வேலை கத்துக்கிட்டவன். அவன் எப்படித் தம்பி ஒரு வார்த்தை பேரம் பேசாம இருக்கலாம்?